றஹ்மத் உம்மா பிடித்த நோன்புகள்

வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற அஸ்வெசும காசுக்கு விவரம் எழுதுகிறவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் வேலிக்குப் பின்னால் நின்றேன். வேண்டுமென்றுதான் நின்றேன். கையில் எதையாவது வைத்துக்கொண்டு பெயர் கேட்டு வருகிற ஆளை எனக்குப் பிடிக்காது. சண்டைக் காலத்தில் விரட்டப்பட்டு மன்னாரை விட்டு வந்த நாளிலிருந்து எங்கள் பெயரை எழுதாத ஆள் இல்லை. நிவாரணத்துக்கு எழுதினார்கள், வீட்டுக்கு எழுதினார்கள், திரும்பிப் போவதற்கு எழுதினார்கள், வோட்டுக்கு எழுதினார்கள். முந்தி கொப்பியில் எழுதினார்கள், இப்போது போனில் எழுதுகிறார்கள். எழுதினவர்கள் எல்லோரும் சம்பளம் எடுத்தார்கள். நான் இன்னும் இந்தப் புத்தளம் கரைத்தீவில் அதே களப்புக் கரையில்தான் கிடக்கிறேன்.

அதனால் கேள்விகளுக்குப் பதில் சொன்னது என் பெண்சாதி றஹ்மத் உம்மா. மகள் சுல்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போயிருந்தாள். மருமகன் அஸ்ஜத் அறைக்குள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அறைக்குக் கதவு இல்லை, சீலைதான் தொங்குகிறது.

அஸ்ஜத் இறால் பண்ணையில் வேலை செய்தவன். நோய் விழுந்து இறாலெல்லாம் செத்து மிதந்தது. குளங்களை வற்றவிட்டு, கேட்டைப் பூட்டி, ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மழைக்குப் பிறகு புதுக் குஞ்சு விடுவோம், அப்போது கூப்பிடுவோம் என்றார்களாம். அவன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனான், படகு இழுக்கப் போனான். அங்கேயும் இவனைப் போல நூறு பேர் நின்றார்கள். வேலை கிடைத்த நாள் வேலை, கிடைக்காத நாள் சுவர்.

றஹ்மத் உம்மா என்ன செய்தாள் தெரியுமா? பக்கத்து வீட்டு சித்தி லெய்லாவிடம் (உறவில்லை, பெயரே அதுதான்) ஓடிப்போய்க் கதிரை வாங்கிவந்து அந்த ஆளை இருத்தினாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் கேள்வி.

"வீட்டுல ஆரு உம்மா உழைக்கிற?"

"மருமகன்தான் மகன்."

"என்ன வேலை?"

"இறால் பண்ணையில. நல்ல வேலை. மொதலாளிக்கு அவர்ல நல்ல விருப்பம்."

"மாசம் என்ன வருது?"

"அல்லாஹ் தாறான்."

"அது சரி உம்மா. எவ்வளவு?"

"குறையில்லாமத் தாறான். அல்ஹம்துலில்லாஹ்."

அந்த ஆள் போனில் விரலை வைத்து வைத்து எடுத்தார். தேத்தண்ணி நல்லது என்று சொன்னார். போய்விட்டார்.

வெளியூர்க்காரன் இதைக் கேட்டால் இவள் பைத்தியமா என்பான். பைத்தியம் இல்லை. எங்கள் ஆட்களில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். எங்கள் வீட்டில் அவன் உட்கார்ந்து சாப்பிடுகிற தட்டுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. சீலைக்கு அந்தப் பக்கம் அவன் படுத்திருக்க, இந்தப் பக்கம் நின்று, முன்பின் தெரியாத ஒருவனிடம் மருமகனுக்கு வேலை இல்லை என்று சொல்ல ஒரு மாமிக்கு வாய் வராது. றஹ்மத் உம்மாவுக்கு வரவே வராது. வேலை போனதிலிருந்து அவனுடைய தட்டில் அவள் முந்தியை விடக் கூடத்தான் போட்டாள். அவனுக்கு மனசு விழுந்துவிடக் கூடாது என்று. அடுத்த தட்டு எனக்கு. பிறகு சுல்பாவுக்கும் பேத்தி ஸஹ்றாவுக்கும்.

அல்ஹம்துலில்லாஹ் என்பதும் அப்படித்தான். காய்ச்சல் எப்படி என்று கேட்டால் அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக் கூரை பறந்த அன்று கேட்டாலும் அதுதான். படைத்தவன் தந்ததில் குறை என்று அடுத்த மனிதனிடம் போய்ச் சொல்லலாமா என்பாள். சரி, சொல்லக் கூடாது. ஆனால் அந்த ஆளின் போனுக்கு அது தெரியுமா?

ஜீ.எஸ். என்கிற கிராம அலுவலர் கந்தோரில் அஸ்வெசும கிடைத்தவர்களின் பெயர் ஒட்டினபோது எங்கள் பெயர் இல்லை. சித்தி லெய்லாவின் பெயர் இருந்தது. அவளுடைய இரண்டு பையன்மாரும் மீன் வாடியில் வேலை செய்கிறார்கள். அவள் வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"என்ன சாஹுல் காக்கா, உங்கட பேரு இல்லையாமே?"

"இல்ல."

"என்ட வீட்டுக்கு வந்தப்ப நான் அழுதன். சும்மா ரெண்டு சொட்டு. நீங்க என்னத்தச் செஞ்ச? ராத்தா என்ட கதிரையக் கொண்டுபோய்ப் போட்டு, நல்ல வேலை, நல்ல வேலை எண்டு சொன்னா. எனக்கு இங்க கேட்ட. அடுத்த முறை கதிரைய விடுங்க, என்னைய வாடகைக்கு எடுங்க. நான் வந்து அழுறன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. உள்ளே போய் றஹ்மத் உம்மாவைப் பிடித்துத் திட்டினேன். அவள் உலையை ஊதிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிழமையே ஃபாஹிம் வந்தான். டவுனில் இருந்து பெண்களை அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்கு அனுப்புகிறவன். வெள்ளைச் சாரம் கட்டியிருந்தான், அத்தர் வாசம். முற்றத்தில் நின்று என்னைப் பார்க்காமல் சுல்பாவைப் பார்த்துப் பேசினான். குவைத்தில் நல்ல வீடு இருக்கிறதாம், சின்னக் குடும்பமாம். பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டிவிட்டதுதானே, தாயை வெளிநாட்டுக்குப் போக விடுவார்கள், பிரச்சினை இல்லை என்றான். அவன் எங்கள் ஸஹ்றாவின் வயதைத் தெரிந்துவைத்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே போடா என்று சொல்ல வாயெடுத்தேன். சுல்பா முந்திக்கொண்டாள்.

"யோசிச்சுச் சொல்லுறன் நானா," என்றாள்.

அவன் போன பிறகு அஸ்ஜத் வெளியே வந்து கிணற்றடியில் முகம் கழுவினான். வெகுநேரம் கழுவினான். ஸஹ்றா அவனுடைய சாரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள்.

"நீ போறியா?" என்று நான் சுல்பாவிடம் கேட்டேன். எனக்குச் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாது.

"போக எனக்கு ஆசையா வாப்பா? மேன்முறையீடு எண்டு ஒண்டு இரிக்கி. போட்டிரிக்கன். விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. அஸ்வெசும கிடைச்சா நான் போக மாட்டன். மழைக்குப் பொறகு பண்ணை தொறந்துட்டா அதுவும் தேவல்ல. அது மட்டும் சமாளிச்சாப் போதும்."

"கிடைக்காட்டி?"

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்படித்தான் எல்லாம் அந்த விசாரணையில் வந்து நின்றது. கிடைத்தால் மகள் வீட்டில். கிடைக்காவிட்டால் மகள் குவைத்தில், பேத்தி தாயில்லாமல். எனக்கு நம்பிக்கை இல்லை. கந்தோரை நம்பி நான் ஒரு நாளும் நல்லதைக் கண்டதில்லை. ஆனாலும் நானே றஹ்மத் உம்மாவை உட்காரவைத்துப் பழக்கினேன். முதலில் பதில் சொன்னது அவள் என்பதால் அவளையும் கட்டாயம் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள்.

"இப்ப நான்தான் கந்தோர் மாத்தயா," என்றேன். "கேக்குறன். உங்கட மருமகனுக்கு வேலை இரிக்கா?"

"மருமகன் நல்ல பிள்ளை."

"அத ஆரு கேட்ட! வேலை இரிக்கா?"

"மெதுவா. அவருக்குக் கேக்கும்."

"அவன் கடலடிக்குப் போயிட்டான். சொல்லு."

"அல்லாஹ் ஒரு வழி வெச்சிரிப்பான்."

"மாத்தயாட போன்ல அல்லாஹ்வுக்கு இடமில்ல புள்ள. இரிக்கா, இல்லையா?"

சுல்பா வாசலில் நின்று சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். றஹ்மத் உம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க வாப்பாவ மாத்தயாவாப் போட்டா ஆருக்கும் ஒண்டும் கிடைக்காது," என்றாள். அஸ்ஜத்தின் வேலை நின்ற பிறகு எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

விசாரணை நாளில் அஸ்ஜத்தும் புறப்பட்டு நின்றான். சுல்பா வேண்டாம் என்றாள். "நீங்க வந்தா உம்மா வாய் தொறக்க மாட்டா." அவன் போட்ட சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான்.

பிரதேசக் கந்தோரில் சனம் நிரம்பியிருந்தது. வாசலிலே வரிசை, வாங்கிலே வரிசை. எங்களைப் போல ஆட்கள்தான். சிங்களவர், தமிழர், எங்கள் ஆட்கள், எல்லோருடைய முகமும் ஒரே மாதிரி. ஒரு கிழவன் தன் காலில் இருந்த புண்ணின் கட்டை அவிழ்த்துத் தயாராக வைத்திருந்தான். எனக்கு அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பிறகு, அவன் சரியாகத்தான் செய்கிறான், நாங்கள்தான் ஒன்றும் கொண்டுவரவில்லை என்று நினைத்தேன்.

எங்களை விசாரித்தவர் ஒரு சிங்கள மாத்தயா. வயது நாற்பது இருக்கும். படித்த தமிழில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். நான் அவர் எங்கே ஏமாற்றுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் என்னை இருக்கச் சொன்னார், றஹ்மத் உம்மாவுக்கு மின்விசிறிப் பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டார். ஒரு பிழையும் பிடிக்க முடியவில்லை.

"அம்மா அன்றைக்குச் சொன்னது மருமகனுக்கு நல்ல வேலை என்று," என்றார். "மகள் இப்போது எழுதியிருப்பது வேலை இல்லை என்று. எது சரி?"

"அந்த வேலை இரிக்கி மகன்," என்றாள் றஹ்மத் உம்மா. "இப்ப கொஞ்சம் நிண்டிரிக்கி."

"இருக்கா, இல்லையா அம்மா?"

"கூப்பிடுவாங்க."

சுல்பா குனிந்து அவள் காதுக்குள் சொன்னாள். "உம்மா, அவர் இங்க இல்ல. சொல்லுங்க."

றஹ்மத் உம்மா முந்தானையை வாய்மட்டும் இழுத்துக்கொண்டு, "இல்ல," என்றாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மாத்தயாவுக்குக் கேட்டது.

"பண்ணையில் இருந்து ஒரு கடிதம் இருந்தால் நல்லது."

"பண்ணை பூட்டிக் கிடக்கு மாத்தயா," என்றேன் நான். "கேட்டுல ஒரு நாய் மட்டும்தான் நிக்குது. நாய்ட்ட கையெழுத்து வாங்கித் தரவா?"

அவர் சிரித்தார். கோபிப்பார் என்று நினைத்தேன், சிரித்தார். "கடிதம் இல்லாவிட்டால் நான் என் அறிக்கையில் வீட்டு நிலைமையை எழுத வேண்டும்," என்றார். "அதுக்காகக் கேட்கிறேன். நேற்று வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள்? ஒவ்வொரு ஆளாகச் சொல்லுங்கள்."

நான் சொன்னேன். காலையில் பாண், பகல் சோறும் சூடை மீனும், இரவைக்கு மிச்சச் சோறு. சுல்பாவும் அதையே சொன்னாள், மீனைப் பிள்ளைக்குக் கொடுத்தேன் என்றாள்.

"அம்மா?"

"நான் நேத்து நோன்பு மகன்."

"அதுக்கு முந்தின நாள்?"

"அண்டைக்கும் நோன்புதான்."

"அதுக்கு முந்தி?"

நான் திரும்பி றஹ்மத் உம்மாவைப் பார்த்தேன். அவள் நோன்பு பிடிப்பது எனக்குத் தெரியும். கலியாணம் முடித்த நாளிலிருந்து திங்களும் வியாழனும் கட்டாயமில்லாத சுன்னத்து நோன்பு பிடிக்கிறவள். பண்ணை மூடின பிறகு மற்ற நாட்களிலும் பிடித்தாள். கேட்டபோது கழா என்றாள், றமழானில் விட்டுப்போன நோன்பைத் திருப்பிப் பிடிக்கிறது. நானும் சரி என்று விட்டுவிட்டேன். கந்தோர்க் கதிரையில் இருக்கும்போதுதான் கணக்கு என் மண்டையில் ஓடியது. இந்த வயதில் இவளுக்கு எங்கேயிருந்து இவ்வளவு கழா வந்தது? பிள்ளை பெற்ற காலத்தில் விட்டதையெல்லாம் எப்போதோ பிடித்து முடித்துவிட்டாள். றமழானில் காய்ச்சலோடும் பிடிக்கிறவள்.

மாத்தயாவும் என்னைப் போலத்தான் யோசித்திருக்க வேண்டும். பேனையைக் கீழே வைத்தார்.

"அம்மா, கோபிக்க வேண்டாம். இப்போது உங்களுடைய நோன்பு மாதம் இல்லை. நீங்கள் சாப்பிடாமல் இருப்பது சமயத்துக்காகவா, வீட்டில் சோறு காணாமலா? சமயத்துக்காக என்றால் நான் இதில் எழுத முடியாது. சோறு காணாமல் என்றால் எழுதலாம். அது உங்களுக்கு உதவியாக இருக்கும்."

அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் என்ன கேட்டார் என்று அவருக்குத் தெரியாது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எனக்குத் தெரிந்த மார்க்கம் கொஞ்சம். ஆனால் நோன்புக்கு நிய்யத்து வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அல்லாஹ்வுக்காகப் பிடிக்கிறேன் என்று மனசில் வைக்க வேண்டும். அது இருந்தால் நோன்பு, அது இல்லாவிட்டால் வெறும் பட்டினி. இந்த மேசைக்கு முன்னால் இருந்து சோறு காணாமல்தான் என்று அவள் சொன்னால், அத்தனை நாளும் விடியுமுன் ஸஹருக்கு எழும்பித் தண்ணீரைக் குடித்துவிட்டு வைத்த நிய்யத்தைத் தன் வாயாலேயே இல்லை என்று சொன்ன மாதிரி. அல்லாஹ்வுக்காக என்று சொன்னால் அஸ்வெசும போச்சு, மகளும் போச்சு. இரண்டும்தான் என்று சொல்லலாம். உண்மையும் அதுவாகத்தான் இருக்கும். மாத்தயா ஏதாவது ஒன்றைத்தான் எழுதுவார்.

மின்விசிறி சுற்றியது. பின்னால் வரிசையில் ஒரு பிள்ளை அழுதது. றஹ்மத் உம்மா தரையைப் பார்த்தாள், சுல்பாவைப் பார்த்தாள், சுல்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த ஸஹ்றாவைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"சோறு காணாது மகன்," என்றாள். "எழுதுங்க."

அவர் பேனையை எடுத்தார். அவள் அவசரமாகக் கையை நீட்டி மேசையைத் தொட்டாள்.

"திங்களும் வியாழனும் எழுத வேணாம் மகன். அது அல்லாஹ்ட. முந்தியே புடிக்கிறது. அத விட்டுருங்க. மத்த நாள மட்டும் எழுதுங்க."

மாத்தயா அவளை நிமிர்ந்து பார்த்தார். "சரி அம்மா," என்றார். தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். எழுதி முடித்து, "கட்டாயம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். கொஞ்ச நாள் எடுக்கும்," என்றார்.

சுல்பா எழும்பினாள். தூங்குகிற பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு வெளியே போனாள். நாங்கள் வெளியே வந்தபோது தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். முகம் நனைந்திருந்தது.

பஸ்ஸில் அவள் எங்களோடு இருக்கவில்லை, முன்னுக்குப் போய் நின்றாள். புத்தளம் டவுனில் பஸ் நின்றதும் இறங்கிவிட்டாள். நான் பிள்ளையை றஹ்மத் உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே இறங்கினேன்.

"எங்க போற?"

"ஃபாஹிம் நானாவக் கண்டுட்டு வாறன்."

"உனக்கு விசரா? மாத்தயா கிடைக்கும் எண்டு சொன்னார். நீயும் கேட்டதானே?"

"கேட்டன்."

"பொறகென்ன? கிடைச்சா போக மாட்டன் எண்டு சொன்ன நீ."

"கிடைக்கும் வாப்பா. எப்ப? அது வாற வரைக்கும் உம்மா எத்தின கழா புடிக்கிற?"

"நான் இரிக்கன். உன்ட புருசன் இரிக்கான்."

"நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டீங்க வாப்பா," என்றாள். சத்தம் போடவில்லை. "நானும் சாப்பிட்டன். உம்மாக்கு நோன்பு எண்டு சொல்லிச் சொல்லி நானும் நல்லாச் சாப்பிட்டன்."

கொண்டக்டர் கத்தினான். நான் பஸ்ஸில் ஏறினேன். அவள் கடைகளுக்கு நடுவால் வேகமாக நடந்து போவது கண்ணாடியில் தெரிந்தது.

"புள்ள எங்க?" என்று றஹ்மத் உம்மா கேட்டாள்.

"சாமான் வாங்கப் போயிருக்கா," என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன். அவள் கிணற்றடிக் கல்லில் அப்படியே குந்திவிட்டாள்.

"நான் அவ நிக்கட்டும் எண்டுதானே சொன்ன," என்றாள்.

"தெரியும்."

"சொல்லாம இரிந்திரிக்கலாம்."

"சொல்லாட்டியும் போயிருப்பா. சொன்னாலும் போறா."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "இஞ்சாருங்க. அந்த நோன்பெல்லாம் அல்லாஹ் எடுத்திரிப்பானா? நான் நிய்யத்து வெச்சன். பொய்யில்ல. வெச்சிட்டுத்தான் கிடந்தன். வயிறும் காலியாத்தான் இரிந்த. ரெண்டும் உண்மை."

பள்ளியில் போய் மௌலவியிடம் கேட்கலாம். ஆனால் நான் போகவில்லை. அவர் ஒரு பதில் சொல்வார், அதை நான் இவளிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அது எந்தப் பதிலாக இருந்தாலும் எனக்குக் கொண்டுவர விருப்பமில்லை.

"எனக்குத் தெரியாது புள்ள," என்றேன்.

சுல்பா போன அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வேன் வந்தது. அஸ்ஜத் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டு மட்டும் போனான். ஸஹ்றாவுக்குச் சித்தி லெய்லா பிஸ்கட்டைக் காட்டித் தன் வீட்டுக்குத் தூக்கிப் போயிருந்தாள். பிள்ளை பார்க்கக் கூடாது என்று சொன்னாள். அன்றைக்கு அவள் ஒரு பகிடியும் விடவில்லை. சுல்பா வேனில் ஏறும்போது வேலிப் பக்கம் ஒரு முறை திரும்பினாள். பிறகு கதவை அவளே இழுத்துச் சாத்தினாள்.

வேன் போன பிறகு அஸ்ஜத் முற்றத்தில் வந்து நின்றான். அவன் மாமியோடு நேருக்கு நேர் கதைக்கிறவன் இல்லை, அவளும் அப்படித்தான். அன்றைக்குக் கதைத்தான்.

"மாமி, அந்த ஆள் எழுத வந்த அண்டைக்கி நான் நித்திரை இல்ல. நல்ல வேலை எண்டு நீங்க சொன்னது கேட்டுச்சு."

றஹ்மத் உம்மா முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான் எழும்பி வந்து இல்ல எண்டு சொல்லியிருக்கணும் மாமி. நீங்க அப்படிச் சொன்னது எனக்குச் சந்தோசமா இரிந்திச்சு. அதான் எழும்பல்ல."

அவன் அதற்கு மேல் நிற்கவில்லை. கடலடிப் பக்கம் போய்விட்டான்.

அஸ்வெசும வந்தது. பொய் சொல்லக் கூடாது, மாத்தயா சொன்னபடியே வந்தது. சுல்பா போய்க் கொஞ்ச நாளில் வந்தது. வராமல் இருந்திருந்தால் கந்தோரையும் அரசாங்கத்தையும் நான் நன்றாக ஏசியிருப்பேன், எனக்கும் நெஞ்சு ஆறியிருக்கும். ஏசுவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. றஹ்மத் உம்மாவோடு நான்தான் வங்கிக்குப் போனேன். அவள் கைநாட்டு வைத்துவிட்டு விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். மை போன பிறகும் துடைத்தாள்.

பண்ணை இன்னும் திறக்கவில்லை. மழை வந்து போய்விட்டது.

சுல்பா குவைத்தில் இருந்து போன் எடுப்பாள். வீட்டுக்காரி பகல் தூங்குகிற நேரத்தில் குசினிக்குள் நின்று எடுப்பாள். முகம் தெரிகிற போன். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று கேட்பதற்கு முன் அவள் கேட்பது ஒன்றுதான்.

"உம்மா, தட்டக் காட்டுங்க."

றஹ்மத் உம்மா சோற்றைப் போட்டுக் காட்டுவாள். காட்டினால் போதாது, சாப்பிட வேண்டும். அவள் ஏமாற்றுவாள் என்று மகளுக்குத் தெரியும். ஒரு வியாழக்கிழமை எடுத்தபோது றஹ்மத் உம்மா தட்டு எடுக்கவில்லை.

"இண்டைக்கு வியாழன் புள்ள," என்றாள். "நோன்பு."

"நோன்பு எண்டு சொல்லாதீங்க உம்மா."

"இது வேற. இது நான் எப்பவும் புடிக்கிறது. அண்டைக்கி மாத்தயாட்டயும் சொன்னேனே."

"எனக்கு வித்தியாசம் தெரியாது. உங்களுக்குத் தெரியும், அல்லாஹ்வுக்குத் தெரியும். இங்க நிண்டு பாக்கிற எனக்குத் தெரியாது உம்மா. சாப்பிடுங்க. நீங்க சாப்பிடுறதுக்குத்தான் நான் இங்க நிக்கிறன்."

"மஃரிபுக்கு நோன்பு தொறந்துட்டுச் சாப்பிட்டுக் காட்டுறன். சத்தியமா."

"அப்ப எனக்குப் போன் எடுக்க ஏலாது. மேடம் எழும்பிருவா. சாப்பிடுங்க."

றஹ்மத் உம்மா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லுவேன் என்று பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன். அவள் எழும்பிப் போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். ஸஹ்றா ஓடிவந்து போனை இரண்டு கையாலும் பிடித்து, "உம்மா, உம்மா," என்று கூப்பிட்டாள். மகளின் முகம் கொஞ்சம் ஆடியது.

"இரி மகள்," என்றாள் சுல்பா. "உம்மம்மா சாப்பிட்டு முடிக்கட்டும். பொறகு நாம கதைப்பம். போன அங்கால திருப்பு."

பிள்ளை திருப்பினாள். றஹ்மத் உம்மா ஒரு கவளம் எடுத்தாள். கை வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது. பிறகு போட்டாள். மென்றாள். கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை, வலது கையில் சோறு இருந்தது, இடது கையில் தட்டு இருந்தது.

"இன்னொரு வாய்," என்றாள் சுல்பா.